எண்ணித் தெளிந்த அறிஞர் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில்

ஒரு மருந்தை உண்டவர் பிழைத்தார் என்றால், அம்மருந்தே அவரைப் பிழைப்பித்தது என்று கொள்ளலாமா? தானே தீரும் நோயும் உண்டு. மருந்தையும் மீறிக் கொல்லும் நோயும் உண்டு. இவ்வினாவுக்கு விடை காணும் நெறியை மருத்துவ உலகில் நிலைநாட்டிய பெருமை, மருத்துவப் பட்டமே பெறாத ஆங்கிலேயர் ஒருவரைப் பெரிதும் சாரும்.

ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் 1897-ல் லண்டனில் பிறந்தார். தந்தை லெனர்டு ஹில் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். மகனும் மருத்துவராகவே விரும்பினார். முதல் உலகப் போர் குறுக்கிட்டது. கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்த இளைஞரை ஏஜியன் கடற்பகுதியில் காசநோய் பற்றியது. பிழைப்பது அரிது என்றே 1917-ல் ஊருக்கு அனுப்பினர். நெடுநாள் நோய்ப்படுக்கையில் கிடந்தார். மருத்துவக் கல்வி கைகூடவில்லை. அஞ்சல் வழியே பயின்று 1922-ல் பொருளாதாரப் பட்டம் பெற்றார். தந்தையின் நண்பரான மேஜர் கிரீன்வுட் (மேஜர் என்பது பட்டாளப் பதவியன்று, இயற்பெயரே!) அவரைப் புள்ளியியல் துறைக்கு ஈர்த்தார்.

முதற்பணி தொழிற்சாலைகளில் அமைந்தது. தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அரசாங்க வாரியத்திற்காக லங்காஷயர் பஞ்சாலைகளின் நோய்க் கணக்குகளைத் துருவினார். 1930-ல் வெளிவந்த அவருடைய அறிக்கை நூற்பாலைத் தொழிலாளரைப் பற்றியது. கார்டிங் அறையில் பறக்கும் பஞ்சுத்தூசி எத்தகையதென்று, கோயமுத்தூர் ஆலைகளை அறிந்த நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதை அவர் இத்தகைய பணியிலேயே பழகினார் எனலாம்.

போருக்குப் பின், தம்மை வீழ்த்திய அதே நோயை அவர் மீண்டும் எதிர்கொண்டார். அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டிரெப்டோமைசின் காசநோய்க்கு நல்ல மருந்து என்ற பேச்சு எழுந்தது. இங்கிலாந்திடமோ போதிய டாலர் இல்லை. கிடைத்த மருந்து சிலருக்கே போதும். எவருக்குக் கொடுப்பது? மருத்துவரிடம் விட்டால், தேறக்கூடியவர் என்று தோன்றுபவரையே அவர் தேர்ந்தெடுத்துவிடலாம். பிறகு மருந்தின் உண்மைப் பயன் விளங்காது. எனவே யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை முன்கூட்டியே குருட்டு வாய்ப்பின்படி தீர்மானித்து, முத்திரையிட்ட உறைகளில் வைத்தனர். மருந்து எல்லோருக்கும் எட்டாதபோது இதுவே நேர்மையான பங்கீடு என்பது ஹில்லின் கருத்து. ஆயினும், ஓய்வு மட்டும் பெற்றவர்களுக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருப்பதே சொல்லப்படவில்லை. இக்காலத்தில் அவ்வாறு செய்ய ஒப்பமாட்டார்கள். ஒப்பாததே சரி என்பேன்.

நோயாளிகள் 107 பேர். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்திற்குள் இறந்தோர் நால்வர். மருந்து பெறாத 52 பேரிலோ பதினால்வர். 1948-ல் இம்முடிவு வெளியாயிற்று. ஆனால் வெற்றி முழுமையானதன்று. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது முதற்குழுவில் 32 பேரும் மற்றதில் 35 பேரும் மாண்டிருந்தனர். கிருமிகள் மருந்துக்கு அஞ்சாத வலிமை பெற்றுவிட்டன! பாஸ் என்னும் மற்றொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் இக்கேட்டைத் தடுக்கலாம் என்பதையும் அடுத்த சோதனை ஒன்றே காட்டியது.

ரிச்சர்டு டால் என்பாருடன் 1950-ல் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஹில் வெளியிட்டதும், மறு ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே வினாத்தாள் அனுப்பி நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்றதும் தனிக் கட்டுரைக்குரியவை.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, பிரிட்டிஷ் சோதனைகளில் பழகிய வாலஸ் பாக்ஸ் அதன் தலைமையை ஏற்று, அதே முறையைக் கையாண்டார். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் தங்கினர்; மறுபகுதியினர் நெருக்கடியான வீட்டிலிருந்தே மாத்திரை உண்டனர். இரு சாராரும் பெற்ற மருந்து ஒன்றே. 1959-ல் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது: நல்லுணவும் ஓய்வும் குறைந்திருந்தும், வீட்டிலிருந்தோர் ஏறத்தாழ மற்றவருக்குச் சமமாகவே குணமடைந்தனர். உடன் வாழ்ந்த மனைவி மக்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. க்ஷயம் என்று கேட்ட மாத்திரத்தில் தாயையும் குழந்தையையும் பிரித்து வைத்த வழக்கம், அதன் பின்னரே உலகெங்கும் மெல்ல மறையலாயிற்று.

பிழைக்க மாட்டார் என்று கருதப்பட்ட ஹில், 1991-ல் தம் 93-ஆம் வயதில் காலமானார்.