காசு கடைசியில்

ஆன்லைன் வியாபாரத்துக்கு ஜாதகம் எழுதுகிறவர்கள் 2007-ல் ஆரம்பிப்பார்கள். சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் பெங்களூருவில் பிளிப்கார்ட்டைத் தொடங்கிப் புத்தகம் விற்ற ஆண்டு அது. அதே ஊரில் 1999-லேயே பேப்மார்ட் என்ற ஆன்லைன் கடை வந்துவிட்டது என்று திருத்துகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. சுங்குவார்சத்திரம் மாதிரி ஊருக்குள் பார்சல் பை நுழைய வழிவிட்டது, 2010-ல் பிளிப்கார்ட் கொண்டுவந்த சி.ஓ.டி., அதாவது கேஷ் ஆன் டெலிவரி. பொருள் கைக்கு வரட்டும், பிறகு காசு கொடு.

அப்போது கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். ஏ.டி.எம். கார்டு வைத்திருந்தவர்களுக்கோ அந்தப் பதினாறு இலக்க எண்ணை முகம் தெரியாதவனிடம் கொடுக்கப் பயம். நியாயமான பயம்தான். 2013 ஜூனில் அமேசான் இந்தியாவுக்கு வந்தபோது, அமெரிக்காவில் கார்டை நம்பி வளர்ந்த அந்தக் கம்பெனியும் இங்கே சி.ஓ.டி.க்கு இறங்கி வந்தது.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்றால் தபால்காரர் சிரிப்பார். 1877-லேயே இந்தியத் தபால் துறை வி.பி.பி.யை (வேல்யூ பேயபிள் போஸ்ட்) தொடங்கிவிட்டது. தபால்காரர் பார்சலைக் கொடுத்துப் பணம் வாங்குவார். அது மணியார்டராக விற்றவருக்குப் போகும். லேகியமும் கைக்கடிகாரமும் பஞ்சாங்கமும் அப்படித்தான் கிராமங்களுக்குப் போயின. 1928-ல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ்.வாசனும் அதற்கு முன் தபால் வழி வியாபாரம் பார்த்தவர்தான். அன்றைய தலைவலியே இன்றும்: ஆர்டர் போட்டவர் 'வேண்டாம்' என்றால் போக வர செலவு அனுப்பியவர் தலையில். ஆர்.டி.ஓ. என்று இப்போது பெயர். வண்டிக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸ் இல்லை, வந்த வழியே திரும்பும் பார்சல்.

சுங்குவார்சத்திரத்துக்கு சி.ஓ.டி. ஏன் பொருந்தியது? சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருந்த சின்ன ஊர். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2007-ல் இங்கேயே சாம்சங், பிறகு பாக்ஸ்கான், ஒரகடத்தில் கார் கம்பெனிகள். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த இளம் வயதுக்காரர்கள் ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கினார்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் விழும், கையில் போன் இருக்கும், கடைவீதிக்குப் போகத்தான் நேரம் இருக்காது. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது துணிக்கடை திறந்திருக்காது. 2020-ல் பிளிப்கார்ட்டும் அமேசானும் தமிழிலும் வந்தன. குறைந்த விலைச் சுடிதாரோடு மீஷோவும் போனுக்குள் ஏறியது.

முகவரிதான் பெரும்பாடு. பின்கோடு 602106 என்பதோடு சரி. கதவு எண்ணுக்குப் பதில் 'தண்ணி டேங்க் பக்கத்துல, பச்சை கேட்' என்றிருக்கும். டெலிவரி செய்கிறவர் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப், ஆள் ஷிப்டில். மூன்றாம் முறையும் கிடைக்காவிட்டால் பார்சல் திரும்பிவிடும். கிடைத்தாலும், வசூல் பணத்தை இரவு ஹப்பில் எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் அவர் கைக்காசு.

2016-ல் யு.பி.ஐ. வந்தது, அந்த நவம்பரிலேயே பணமதிப்பிழப்பும் வந்தது. இன்று வாசலில் நிற்பவர் போனை நீட்டுகிறார், வாங்குகிறவர் ஸ்கேன் செய்கிறார். நோட்டு கைமாறுவது குறைந்தும் சி.ஓ.டி. சாகவில்லை. ஆர்டர் போடும்போதே ஒரு நொடியில் பணம் கட்ட முடிந்தவர்கூட, பை கைக்கு வந்த பிறகே கட்டுகிறார். நோட்டின் மேல் இருந்த ஆசை இல்லை அது. முதலில் பொருள், அப்புறம் பணம் என்ற வரிசையை மக்கள் விடவில்லை, அவ்வளவுதான். என் கணக்கில் இந்த வியாபாரத்தை இங்கே வேரூன்ற வைத்தவர்கள் செயலி எழுதியவர்கள் அல்ல, வாசலில் பையோடு நின்றவர்கள்.

ஷிப்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்டர் போடும்போதே வீட்டுக்கார அம்மாவின் நம்பரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.