குளிர் பொதுவானால் சான்று யாருக்கு?

அடுக்கக விளம்பரங்களில் ‘பசுமைக் கட்டடச் சான்று பெற்றது’ என்ற வரி இப்போது சாதாரணமாகிவிட்டது. நம் நாட்டில் அதன் கதை ஐதராபாத்தில் தொடங்கியது. அங்குள்ள கோத்ரெஜ் பசுமை வணிக மையம் அமெரிக்காவின் ‘லீட்’ முறையில் பிளாட்டினம் தரம் வாங்கியது. 2004 ஜூலையில் அதைத் திறந்துவைத்தவர் அப்துல் கலாம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை சான்று கேட்கும் கேள்வி எளிது: இந்தக் கட்டடம் எவ்வளவு செலவழிக்கிறது? சுவர், கண்ணாடி, மொட்டைமாடி, ஏசி எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும்வரை சிக்கலில்லை. ஏசிக்கான குளிர்நீர் தெருக்கோடியில் இருக்கும் பொது நிலையத்திலிருந்து குழாயில் வந்தால்?

பொதுக்குழாய் பழைய யோசனைதான். நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட்டில் 1877-இல் பேர்ட்சில் ஹாலி என்பவர் ஒரே இடத்திலிருந்து அக்கம்பக்கத்துக்கு நீராவி கொடுத்தார். ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1962-இல் குளிர்நீரும் அப்படி ஓடியது. இன்று குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஓடுகிறது. அலுவலகத்துக்குப் பகலில் குளிர் வேண்டும், வீட்டுக்கு இரவில். உச்சத் தேவை எல்லோருக்கும் ஒன்றாக வராததால், தனித்தனியாகப் போடும் எந்திரங்களின் மொத்தத்தைவிடச் சிறிய நிலையமே போதும்.

ஆனால் சான்றுக்காரர்களுக்குத் தலைவலி. வெயிலை அப்படியே உள்ளே விடும் கட்டடம் நல்ல நிலையத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். நிலையம் மின்சாரத்தை வீணடித்தாலும் கட்டடத்தின் கணக்கில் அது தெரியாமல் போகலாம். 2008-இல் ‘லீட்’ இதற்குத் தனி விதி எழுதியது. முதலில் கட்டடம் மட்டும் தேற வேண்டும். அதன்பின் நிலையத்தையும் சேர்த்து மதிப்பெண். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

தோல் பகுதியில் வாழும் நமக்கு இந்தச் சிக்கல் வேறு உருவில் பழகியதுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் (பெயரளவில் நமக்குச் சொந்தம்!) 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானதாகச் சொன்ன ஆய்வு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும், அல்லது சொந்தமாகக் கருவி வைக்க வேண்டும் என்று உத்தரவு. சிறிய ஆலைகளுக்குப் பொது நிலையம்தான் கட்டுப்படியாகும் வழி.

குழாயை இணைத்தது ஆலையின் பொறுப்பு. மறுமுனையில் நடப்பது யார் பொறுப்பு? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் ஒரு பொது நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கசடு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள்.

பொதுக் குளிரூட்டலுக்கு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பரிசீலித்த ஐந்து இந்திய நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. நம் பக்கமும் ஒருநாள் அந்தக் குழாய் வரலாம். அப்போது வீடு வாங்குபவர் இரண்டு கணக்கைக் கேட்க வேண்டும்: கட்டடம் வாங்கும் குளிர் எவ்வளவு, அதைத் தயாரிக்க நிலையம் எரிக்கும் மின்சாரம் எவ்வளவு. இரண்டாவது கணக்கு கூடினால், அது மாதாமாதம் நம் பராமரிப்புக் கட்டணத்தில்தான் வந்து சேரும்.