புகழுக்கு முன்னும் பின்னும்: அலிகேட்ஸ் முதல் பிடிஎஸ் வரை பாட்டுக்குழு இளைஞர்களின் வாழ்க்கை

பினாங்கு மாநிலத்திலிருந்து கிளம்பி நாடு முழுக்கப் பெயர் வாங்கிய இசைக்குழு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அலிகேட்ஸ். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற இரு தமிழ்ச் சகோதரர்கள் முன்னின்று பாடிய குழு அது. லோகநாதனை ரசிகர்கள் லோகா என்றே அழைத்தார்கள். தலைகொள்ளாத சுருள்முடிதான் இருவருக்கும் அடையாளம். 1980களில் வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அவர்கள் தோட்டத்தில் இருந்தாலும் பட்டணத்தில் இருந்தாலும், இந்தக் குரல்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இன்றைய பிள்ளைகள் ‘பாய் பேண்ட்’ என்று சொல்வது வேறு மாதிரிக் குழு. நிறுவனம் ஆள் எடுத்து, ஆடப் பயிற்சி கொடுத்து, உடை தைத்து மேடையேற்றும் குழு. அலிகேட்ஸ் அப்படிப் பிறந்ததல்ல. கையில் வாத்தியத்தோடு தானாகச் சேர்ந்த குழு. ஆனாலும் இளவயதில் கூட்டாகப் புகழ் பெறுவதும், அந்தக் கூட்டு கலைந்த பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாக வாழ்ந்தாக வேண்டியதும் இரண்டுக்கும் பொது. அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில் தவறில்லை.

அலிகேட்ஸ் உருவானது 1960களின் பிற்பகுதியில். பினாங்கின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி 1969இல் பறிபோனது. ஜார்ஜ்டவுனில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கியது. பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972இல்தான் வந்தது. குடியுரிமை இல்லாத தொழிலாளர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதால் தோட்டங்களை விட்டுப் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலமும் அதுதான். படித்தவனுக்கே வேலை இல்லாத அந்த நாளில் கிட்டார் தூக்கிய பையனை வீட்டில் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் பினாங்கில் மேடைக்குக் குறைவில்லை. பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படைத் தளம் இருந்தது. தீவில் ஹோட்டல்களும் இரவு விடுதிகளும் இருந்தன. ஆங்கிலப் பாட்டை அச்சு அசலாகப் பாடத் தெரிந்தவர்களுக்கு அங்கே கூலி கிடைத்தது. அந்தப் பயிற்சிதான் 1970களில் அலிகேட்ஸை ஹாங்காங்குக்கு அழைத்துச் சென்றது. அங்குள்ள விடுதிகளில் இரவு இரவாகப் பாடினார்கள். ஊர்க்காரர்கள் யாரும் பார்க்காத அந்த ஆண்டுகள்தான் குழுவின் உண்மையான பள்ளிக்கூடம்.

ஊர் திரும்பி மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகே நாடறிந்த புகழ் வந்தது. ‘ஹிங்கா அக்கிர் நந்தி’, ‘செகுந்தும் மாவார் மேரா’, ‘சென்யும்லா கோலாலம்பூர்’ போன்ற பாடல்கள் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றி எல்லார் வீட்டிலும் ஒலித்தன. பின்னாளில் பெரும் இசையமைப்பாளராக மதிக்கப்பட்ட எம். நாசிர் தம் தொடக்க காலத்தில் இவர்களுக்காகப் பாடல் அமைத்தவர். தமிழர் இருவர் மலாய்ப் பாட்டில் முதல் வரிசைக்கு வந்தது அன்று சாதாரணச் செய்தியல்ல. இன்றும் அது அடிக்கடி நடப்பதில்லை.

லோகா 2007 ஜூன் 4ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். ‘உனக்கு முன் நான் போய்விட்டால்’ என்ற பொருளில் தலைப்பு கொண்ட பாடல் ஒன்று அலிகேட்ஸின் புகழ்பெற்ற பாடல்களில் உண்டு. அவர் மறைவுக்குப் பின் அந்தப் பாட்டை ரசிகர்கள் கேட்ட விதமே மாறிப்போனது. அண்ணன் தம்பியாக நின்ற மேடையில் டத்தோ டேவிட் ஆறுமுகம் தனியாக நின்று, அதே பெயரில் தொடர்ந்து பாடினார்.

இதே நிலையில் நின்ற இன்னொருவர் பீ ஜீஸ் குழுவின் பேரி கிப். சிறுவயதில் ஆஸ்திரேலியாவில் கார்ப் பந்தயத் திடலில் பந்தயங்களுக்கு இடையே பாடி, பார்வையாளர்கள் வீசிய சில்லறையைப் பொறுக்கிய சகோதரர்கள் அவர்கள். மாரிஸ் 2003இலும் ராபின் 2012இலும் மறைய, மூத்தவர் மட்டும் மிஞ்சினார். சகோதரர்கள் சேர்ந்து நடத்தும் குழுவில் இது கூடுதல் சுமை. போனவர் கூட்டாளி மட்டுமல்ல, கூடப் பிறந்தவரும்தான்.

நம் நாட்டிலேயே சகோதரர் குழுவுக்கு வேறொரு முடிவும் உண்டு. 1992இல் அறிமுகமான கேஆர்யூ குழுவின் நோர்மான், யுஸ்ரி, எட்ரி மூவரும் பாட்டோடு நிற்காமல் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் கட்டினார்கள். 2006இல் வந்த ‘சிச்சாக் மேன்’ படத்தை இயக்கியவர் யுஸ்ரி. புகழ் இருக்கும்போதே தொழிலையும் கற்றுக்கொண்டவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம்.

தமிழ் இளைஞர்களுக்கு அடுத்த பெரிய அலை 1990களின் இறுதியில் பொயட்டிக் அம்மோ மூலம் வந்தது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட் ஸ்லைட், சி லோக்கோ ஆகிய நால்வர். 1998இல் வெளிவந்த முதல் ஆல்பத்திலேயே ஆங்கிலத்தோடு மலாய், தமிழ், கண்டோனீஸ் மொழிகளையும் கலந்தார்கள். பிறகு யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவருடன் ‘நட்சத்திரா’ அமைத்து 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டார். இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாடலை எடுத்து அவர்கள் செய்த புதுவடிவம் கடல் தாண்டிச் சென்னைக்குப் போனது. ‘பொல்லாதவன்’ (2007), ‘விவேகம்’ (2017), ‘காலா’ (2018) எனத் தமிழ்ப் படங்களில் யோகி பியின் குரல் ஒலித்தது. குழுவின் ஒவ்வொரு கட்டமும் முடிந்தபோது அவர் அடுத்த கதவைத் தட்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் குழுவின் பெயரையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ‘வல்லவன்’ வந்திருக்காது.

தமிழ்நாட்டில் எஸ்எஸ் மியூசிக் தொலைக்காட்சி திறன் தேடல் நடத்தி உருவாக்கிய ‘எஸ்5’ குழு ஆண்களும் பெண்களும் கலந்தது. அதிக நாள் நிலைக்கவில்லை. ஆனால் பிபிஓ வேலையை விட்டுப் பாட்டுக்கு வந்த பென்னி தயாளுக்கு அது படிக்கட்டானது. ஏ.ஆர். ரகுமான் இசையில் ‘சிவாஜி’ படத்தில் பாடினார். இந்தித் திரையிலும் இடம் பிடித்தார்.

வெளிநாட்டுக் குழுக்களின் கதையில் பணமும் ஒப்பந்தமும்தான் பெரிய அத்தியாயம். அமெரிக்காவில் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழுவை 1993இல் உருவாக்கிய லூ பேர்ல்மன், ஐவர் குழுவில் தம்மை ஆறாவது உறுப்பினராகக் கணக்கிட்டு, நிர்வாகியின் பங்கோடு உறுப்பினர் பங்கையும் எடுத்துக்கொண்டார். உலகம் முழுக்கப் பாட்டு விற்ற பையன்கள் தங்கள் கைக்கு வந்த தொகையைப் பார்த்துத் திகைத்து 1998இல் வழக்குத் தொடுத்தார்கள். பின்னர் மாபெரும் முதலீட்டு மோசடியில் பேர்ல்மனுக்கு 2008இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2016இல் சிறைக்காவலிலேயே இறந்தார்.

தென்கொரியாவின் டிவிஎக்ஸ்கியூ குழுவினர் கையெழுத்திட்டிருந்தது 13 ஆண்டு ஒப்பந்தம். ஐவரில் மூவர் 2009இல் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு அந்நாட்டின் நியாய வர்த்தக ஆணையம் ஒப்பந்தக் காலத்துக்கு 7 ஆண்டு வரம்பு வைத்த மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. கொரியக் குழுக்கள் ஏழாவது ஆண்டில் கலைகின்றன என்று நம் பிள்ளைகள் புலம்புவதற்குப் பின்னால் இருப்பது இதுதான். வழக்குப் போட்ட மூவரும் ஜேஒய்ஜே என்று புதுப்பெயரில் பாடினார்கள்; பழைய பெயர் நிறுவனத்தோடு இருந்த இருவரிடமே தங்கியது.

சிறுவயதிலேயே வெளியே அனுப்பும் குழுவும் இருந்தது. புவெர்ட்டோ ரிக்கோவின் மெனுடோவில் 16 வயது ஆனால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது வழக்கம். 1984இல் 12 வயதில் சேர்ந்த ரிக்கி மார்ட்டின் பின்னர் தனிப்பாடகராக உலகப் புகழ் பெற்றார். அந்தக் குழுவில் வந்துபோன மற்றவர்களில் எத்தனை பேரின் பெயரை நம்மால் சொல்ல முடியும்?

பணம் கிடைத்தவர்களும் தப்பவில்லை. அயர்லாந்தின் வெஸ்ட்லைஃப் குழுவின் முன்னணிப் பாடகர் ஷேன் ஃபிலன் வீடு, மனைத் தொழிலில் இறங்கி, நிலச்சந்தை சரிந்ததும் சுமார் 1 கோடியே 80 லட்சம் பவுன் கடனுடன் 2012இல் திவாலானார். குழு அதே மாதம் டப்ளினில் விடைபெறும் கச்சேரி நடத்தியது. ஆறு ஆண்டுகள் கழித்து 2018இல் நண்பர்கள் மீண்டும் ஒன்றுசேர்ந்தார்கள்.

ஒன் டைரக்‌ஷன் கதை இன்னும் கனமானது. 2010இல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் போட்டிக்குத் தனித்தனியாக வந்த ஐந்து பையன்களை நடுவர்கள் குழுவாக்கினார்கள். அதில் ஹேரி ஸ்டைல்ஸ் ஊர் பேக்கரியில் வேலை பார்த்தவர். லியாம் பெய்ன் 14 வயதிலேயே அதே போட்டியில் முயன்று, இரண்டு ஆண்டு கழித்து வா என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர்கள் காணாத நாடு குறைவு. புகழின் உச்சியில் ஹோட்டல் அறைக்குள் அடைபட்டுக் கிடந்ததையும், மதுப்பழக்கத்தோடு போராடியதையும் லியாம் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். 2024 அக்டோபர் 16இல் அர்ஜெண்டினாவில் ஹோட்டல் மாடியிலிருந்து விழுந்து 31 வயதில் இறந்தார். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலர் அன்று அழுதார்கள். பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயமல்ல.

பிடிஎஸ் உறுப்பினர்கள் எழுவருக்கும் புகழின் நடுவே கட்டாய ராணுவ சேவை வந்தது. மூத்தவர் ஜின் 2022 டிசம்பரில் சேர்ந்தார். 2025 ஜூனுக்குள் எழுவரும் சேவையை முடித்தார்கள். உலகமே கொண்டாடிய இளைஞர்கள் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு அணிவகுப்பில் நின்றார்கள்.

நிபோங் திபால் வட்டாரத்தில் இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். ஆனால் கலிடோனியா, பைராம், டிரான்ஸ்கிரியான் பக்கமெல்லாம் கோயில் திருவிழா என்றால் மேடையும் பாட்டும் இல்லாமல் முடியாது. கைப்பேசியில் பாடிப் பதிவேற்றும் நான்கு பையன்களைத் தேடி நாளைக்கே ஒரு தாளோடு யாராவது வரக்கூடும். அந்தத் தாளைப் பற்றிச் சில விவரங்கள்.

மலேசியச் சட்டப்படி வயதுக்கு வருவது 18இல். அதற்குக் குறைந்தவர் போட்ட ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஆகவே பெற்றோரின் கையெழுத்தைக் கேட்பார்கள். மொழி புரியாவிட்டால் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவதற்கு ஆகும் செலவு, பின்னால் வழக்கு நடத்தும் செலவில் ஒரு துளி. குழுவின் பெயரை மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் பதியலாம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். யார் பெயரில் பதிகிறார்கள் என்பதுதான் கேள்வி. டிவிஎக்ஸ்கியூ கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உரிமத்தொகையில் பலருக்குக் குழப்பம் உண்டு. ஒரு பாட்டு வானொலியில் ஒலித்தால் மெட்டும் வரியும் எழுதியவர்களுக்கு ஒரு கணக்கு; ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரருக்கும் பாடியவருக்கும் வேறு கணக்கு. எழுதியவர்களின் உரிமை அவர்கள் ஆயுளுக்குப் பின்னும் 50 ஆண்டு தொடரும். அடுத்தவர் பாட்டை எவ்வளவு அழகாகப் பாடினாலும் அந்தப் பங்கு பாடியவருக்கு வராது. எத்தனையோ பாடகர்கள் அறுபது வயதிலும் மேடை ஏறுவதற்கு ஆசை மட்டும் காரணமல்ல. நான்கு பேர் சேர்ந்து பாட்டு எழுதினால் யார் எதை எழுதினார் என்று அன்றே ஒரு தாளில் குறித்துக் கையெழுத்திடுவது நட்புக்கும் நல்லது.

மேடைக் கலைஞருக்கு மாதச் சம்பளம் இல்லை. முதலாளி கட்டும் இபிஎஃப்பும் இல்லை. இபிஎஃப்பின் ‘ஐ-சாரான்’ திட்டத்தில் தாமாகவே பணம் போடலாம். அரசு ஊக்கத்தொகையும் சேர்க்கிறது. சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டம் 2017இல் டாக்சி ஓட்டுநர்களோடு தொடங்கி, 2020 முதல் கலைத்துறையினரையும் சேர்த்துக்கொண்டது. கச்சேரிக்கு வேனில் போகும் வழியில் விபத்து என்றால் கைகொடுப்பது இதுதான். இரண்டிலும் இணையம் வழியாகவே பதிந்துகொள்ளலாம்.