ஆன்சன் தொகுதியில் 653 வாக்குகள்

இது போன வார எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது நடுவுல வந்த "ஆங்", "அதாவது" எல்லாத்தையும் வெட்டிட்டேன். மாமா பேசினதை மட்டும் அப்படியே விட்டிருக்கேன்.

எங்க ஊர் நயினார்கோவில். பரமக்குடியில இறங்கி டவுன் பஸ் பிடிக்கணும். நாகநாத சுவாமி கோயில், அதைச் சுத்தி கொஞ்சம் கடை, அப்புறம் கண்ணுக்கு எட்டுற வரைக்கும் கருவேலம். மழை பொய்ச்சா வெளிநாடுதான் எங்க பக்கத்து விவசாயம். என் மாமா பதினோரு வருஷம் சிங்கப்பூர்ல கட்டட வேலை பார்த்தவர். பொங்கலுக்குப் போனப்ப டீக்கடையில உட்கார்ந்து நான் ஆரம்பிச்சேன்: "நமக்கும் ஒரு லீ குவான் இயூ வந்தாத்தான் மாமா உருப்படும்." ஐ.டி. கம்பெனி கேன்டீன்ல தினமும் கேட்கிற வசனம்தானே.

மாமா டீயை ஆத்திக்கிட்டே சொன்னார்: "ரோடு நல்லாருக்கும் மாப்ள. தண்ணி வரும். போலீஸ்காரன் காசு கேக்க மாட்டான். எல்லாம் சரிதான். ஆனா பதினோரு வருஷத்துல ஒரு எதிர்க்கட்சிக்காரன் பேரு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அங்கிருந்துதான் இந்த எபிசோட்.

முதல்ல சட்டகம். சிங்கப்பூரோட பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல ஐந்தில் ஒரு பங்குகூட கிடையாது. 1959ல தன்னாட்சி, 1963ல மலேசியாவோட இணைப்பு, 1965 ஆகஸ்ட் 9ல பிரிவு. அமைப்பு நமக்குப் பழக்கமான பிரிட்டிஷ் பாணிதான்: ஒரே ஒரு அவை, அதுல பெரும்பான்மை உள்ளவர் பிரதமர், மேல ஒரு குடியரசுத் தலைவர். வாக்களிப்பது கட்டாயம், தவறினா பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடுவாங்க. தமிழ் நாலு அதிகாரபூர்வ மொழிகள்ல ஒண்ணு. காகிதத்துல பார்த்தா இது ஒரு சாதாரண நாடாளுமன்ற ஜனநாயகம்.

நடைமுறை வேற. 1963 பிப்ரவரியில நூறு பேருக்கு மேல விசாரணை இல்லாம கைது செய்யப்பட்டாங்க, இடதுசாரி பாரிசான் சோஷியலிஸ் கட்சியோட முக்கியத் தலைவர்கள் உட்பட. அந்த வருஷத் தேர்தல்ல பாரிசான் அப்படியும் 13 இடம் ஜெயிச்சது. அப்புறம் அவங்களே ஒரு பெரிய தப்பு செஞ்சாங்க: நாடாளுமன்றத்தைப் புறக்கணிச்சு வெளியேறிட்டாங்க. 1968 தேர்தலையும் புறக்கணிச்சாங்க. மொத்தம் 58 தொகுதி, அதுல 51ல போட்டியே இல்லை. மக்கள் செயல் கட்சி 58ஐயும் எடுத்துக்கிச்சு. 1972, 1976, 1980 மூணுலயும் அதே கதை, எல்லாத் தொகுதியும் ஒரே கட்சிக்கு. கைதை மட்டும் சொல்லிட்டு இந்தப் புறக்கணிப்பை விட்டுட்டா கதை பாதிதான். காலி நாற்காலியை ஆளுங்கட்சிக்கு எழுதிக் கொடுத்ததுல எதிர்க்கட்சிக்கும் பங்கு உண்டு.

இப்ப நம்ம ஆள். ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்தினம், சுருக்கமா ஜே.பி.ஜே. 1926ல யாழ்ப்பாணத்துல பிறந்து மலாயாவுல வளர்ந்தவர். லண்டன்ல சட்டம் படிச்சு, சிங்கப்பூர் நீதித்துறையில பதவியில இருந்து, 1963ல அதை விட்டு வந்தவர். 1971ல பாட்டாளிக் கட்சிக்குத் தலைமை ஏற்றார். 1972ல இருந்து நின்ன இடமெல்லாம் தோல்வி.

1981ல ஆன்சன் தொகுதி உறுப்பினர் தேவன் நாயர் குடியரசுத் தலைவர் ஆனார், இடம் காலியாச்சு. துறைமுகத்தை ஒட்டின தொகுதி அது. கண்டெய்னர் முனைய விரிவாக்கத்துக்காக பிளேர் பிளெயின் பகுதியில துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களைக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லியிருந்தாங்க, அந்தக் கோபம் அப்படியே இருந்தது. அக்டோபர் 31, இடைத்தேர்தல். ஜெயரத்தினம் 7,012. ஆளுங்கட்சி வேட்பாளர் 6,359. வித்தியாசம் 653.

653 ஓட்டு. நம்ம ஊர்ல கவுன்சிலர் தேர்தல்ல பார்க்கிற எண்ணிக்கை. அதுக்குப் பின்னாடி என்னென்ன மாறுச்சுன்னு வரிசையாப் பாருங்க.

1984ல அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி "தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர்"னு ஒரு பதவியைக் கொண்டு வந்தாங்க. தோத்த எதிர்க்கட்சிக்காரங்கள்ல அதிக ஓட்டு வாங்கினவங்களுக்கு அவையில இடம். கேட்க பெருந்தன்மையா இருக்கும். ஆனா நிதி மசோதா, அரசமைப்புத் திருத்தம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் இதுல எல்லாம் அவங்களுக்கு ஓட்டு இல்லை. அந்த உரிமை 2016 திருத்தத்துக்கு அப்புறம்தான் கிடைச்சது. எனக்கு இது எப்படிப் பட்டதுன்னா, மென்பொருள்ல சில பேருக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுப்போமே, அது மாதிரி. எதிர்க்குரல் வேணுமா, நாங்களே அவையில ரெண்டு பேரை உட்கார வைக்கிறோம், அதுக்காக ஏன் எங்களைத் தோற்கடிக்கிறீங்கன்னு வாக்காளருக்குச் சொன்ன மாதிரி இருந்தது. வாக்காளர் அதைக் கேட்கலை. அந்த வருஷக் கடைசியில வந்த தேர்தல்ல ஜெயரத்தினம் ஆன்சனைத் தக்க வச்சார், சியாம் சீ தோங் போத்தோங் பாசிர்ல ஜெயிச்சார். ஆளுங்கட்சியோட வாக்கு 77.7 சதவீதத்துல இருந்து 64.8க்கு இறங்குச்சு.

1986ல பாட்டாளிக் கட்சிக் கணக்கு தொடர்பான வழக்குல ஜெயரத்தினத்துக்கு ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும். அப்ப 2,000 வெள்ளி அபராதம் விழுந்தாலே உறுப்பினர் பதவி போயிடும். போச்சு. இடைத்தேர்தல் நடக்கலை. 1988ல ஆன்சன்கிற தொகுதியே வரைபடத்துல இல்லை, பக்கத்துத் தொகுதிகளோட கரைஞ்சு போச்சு.

அதே 1988 அக்டோபர்ல லண்டன் பிரிவி கவுன்சில், வழக்கறிஞர் பட்டியல்ல இருந்து அவர் நீக்கப்பட்டதை ரத்து செஞ்சது. அவருக்குப் பெரும் அநீதி நடந்திருக்குன்னு தீர்ப்புல கடுமையா எழுதுச்சு. ஆனா குற்றத் தீர்ப்பு அந்த மேல்முறையீட்டுக்குள்ள வராததால அது அப்படியே நின்னது. மன்னிப்பு கேட்டு குடியரசுத் தலைவருக்கு மனு போட்டார், மறுத்துட்டாங்க. கொஞ்ச வருஷத்துல, 1994க்குள்ள, பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போற வழியே படிப்படியா மூடப்பட்டது.

1988ல வந்த இன்னொண்ணுதான் குழுத்தொகுதி. மூணு பேர் ஒரு அணியா நிக்கணும், அதுல ஒருத்தராவது சிறுபான்மை இனத்தவரா இருக்கணும். ஜெயிச்சா மூணு பேரும் உள்ளே, தோத்தா மூணு பேரும் வெளியே. பிற்பாடு ஆறு பேர் வரைக்கும் போச்சு. மலாய்க்காரரும் தமிழரும் அவையில குறைஞ்சிடக் கூடாதுங்கிறது அரசு சொன்ன காரணம். அதை நான் வெறும் சாக்குன்னு தள்ளிட மாட்டேன், பெரும்பான்மை ஓட்டு எப்படி விழும்னு நமக்குத் தெரியாதா. ஆனா சின்னக் கட்சி தகுதியான ஒரு ஆளைப் பிடிக்கிறதே பாடு, அஞ்சு பேருக்கு எங்க போகும்? புதியவங்க அமைச்சரோட அணியில ஒட்டிக்கிட்டு உள்ளே வரலாம். நல்ல இளைஞர்களைக் கட்சிக்குக் கொண்டு வர இந்த முறை உதவுதுன்னு கோ சோக் தோங்கே 2006ல சொன்னார். முதல் குழுத்தொகுதியை எதிர்க்கட்சி ஜெயிக்க 2011 வரைக்கும் ஆச்சு: அல்ஜுனிட், பாட்டாளிக் கட்சி.

குடியரசுத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கணும்னு 1991ல திருத்தம் வந்தது. நாட்டோட சேமிப்புப் பெட்டிக்கு ரெண்டாவது சாவி அவர்கிட்ட. இங்க எனக்குப் பிடிச்ச ஒரு கிளைக்கதை. 1993ல ஜெயிச்ச ஓங் டெங் சியோங் உண்மையிலேயே அந்தச் சாவியைப் பயன்படுத்தப் பார்த்தார். காப்பாத்தணும்னு சொல்ற சொத்து எவ்வளவுன்னு கேட்டார். அதைக் கணக்கெடுக்க 56 மனித-ஆண்டுகள் ஆகும்னு தனக்குச் சொன்னாங்கன்னு அவரே பின்னாடி வெளிப்படையாச் சொன்னார். எந்த டீம் லீடாவது இந்த மதிப்பீட்டைக் கொடுத்தா என்ன அர்த்தம்னு என் நேயர்களுக்குத் தெரியும்.

ஜெயரத்தினம் 1997ல திரும்ப அவைக்குள்ள வந்தார், தொகுதியில்லா உறுப்பினரா. அவர் மேல அவதூறு வழக்குகள் குவிஞ்சது. கடைசியில அவரைச் சாய்ச்சது ஒரு தமிழ்க் கட்டுரை! 1995ல கட்சிப் பத்திரிகையில தமிழ் மொழி வார ஏற்பாட்டாளர்களை விமர்சிச்சு வந்தது, ஆசிரியர் பொறுப்புல இருந்தவர் அவர். நஷ்டஈட்டுத் தவணை ஒண்ணு தவறியதும் 2001ல திவாலானவர்னு அறிவிக்கப்பட்டார், பதவி போச்சு. அப்புறம் பல வருஷம் ரயில் நிலைய வாசல்ல நின்னு தான் எழுதின புத்தகங்களை வித்தார், எழுபத்தைஞ்சு வயசுக்கு மேல. 2007ல கடனை அடைச்சு வெளியே வந்தார், 2008ல புதுசா ஒரு கட்சி தொடங்கினார், அதே வருஷம் செப்டம்பர் 30ல இறந்தார்.

இன்னைக்கு நிலைமை? 2025 மே தேர்தல்ல 97 இடத்துல 87 மக்கள் செயல் கட்சிக்கு, 10 பாட்டாளிக் கட்சிக்கு. ஆளுங்கட்சியோட வாக்கு 65.57 சதவீதம். அந்தத் தேர்தலுக்கு மூணு மாசம் முன்னாடி அப்ப எதிர்க்கட்சித் தலைவரா இருந்த பிரித்தம் சிங், நாடாளுமன்றக் குழுகிட்ட பொய் சொன்னதா ரெண்டு குற்றச்சாட்டுல தண்டிக்கப்பட்டார், ஒவ்வொண்ணுக்கும் 7,000 வெள்ளி அபராதம். நாடாளுமன்ற உறுப்பினர் பதவி போகலை. 2,000ஆ இருந்த வரம்பு 2022ல 10,000 ஆயிருந்தது. ஜெயரத்தினத்தோட 5,000 வெள்ளி ஞாபகம் வருதா?

இதையெல்லாம் ஃபோன்ல மாமாகிட்ட சொன்னேன். "மோசடித் தேர்தல்னு சொல்றியா?" என்றார். இல்லை மாமா, ஓட்டை ஒழுங்காத்தான் எண்ணுறாங்க, அதான் 653னு நமக்குத் தெரியுது. ஆட்டத்தோட விதியை எழுதுறதும் ஆடுறதும் ஒரே அணி, அவ்வளவுதான். நல்லா ஆடுற அணிங்கிறதையும் மறுக்கலை.

மாமா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "சிங்கப்பூரை விடு. நம்ம மாவட்டத்துல ஊராட்சி பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு தனி அலுவலர் கையில போச்சே, அப்ப நீ என்ன எபிசோட் போட்ட?"

போடலை. கண்மாய் மடை பத்தி யார்கிட்ட மனு கொடுக்கிறதுன்னு அலைஞ்சவர் அவர். அடுத்த வாரம் அதைத்தான் பேசப் போறோம், மாமாவும் வர்றார்.