எலும்பு தெரியும் காயத்திற்குச் செயற்கைத் தோல்

தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்துக் காயத்தில் ஒட்டுவது பழைய முறை. ஆனால், எலும்போ தசைநாணோ வெளியே தெரியும் ஆழமான காயத்தில் அது பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டிய தோல் பிழைக்க அடியில் ரத்த ஓட்டம் வேண்டும். நீரிழிவால் புண்ணான பாதங்களிலும் கடும் தீக்காயங்களிலும் இதுவே சிக்கல்.

இதற்கு ஒரு வழி ‘நோவோசார்ப் பிடிஎம்’. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் தீக்காய அறுவை மருத்துவர் ஜான் கிரீன்வுட் முன்னின்று உருவாக்கியது. செயற்கைத் தோல் என்றாலும் உண்மையில் இது தோல் அன்று. கட்டடத்திற்குக் கட்டும் சாரம் போன்றது. 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலியூரிதேன் நுரை, அதன்மேல் காயத்தை மூடும் படலம், அவ்வளவுதான். நுரையின் துளைகளுக்குள் நோயாளியின் சொந்த ரத்த நாளங்களும் திசுவும் வளர்கின்றன. சில வாரங்களுக்குப் பிறகு படலத்தை உரித்து, புதிய திசுவின்மேல் மெல்லிய தோலை ஒட்டுவர். நுரை ஏறத்தாழ 18 மாதங்களில் உடலுக்குள் சிதைந்து மறைகிறது.

அதற்கு முன்பிருந்தே புழங்கும் ‘இன்டெக்ரா’வில் மாட்டுக் கொலாஜனும் சுறாவிலிருந்து எடுத்த பொருளும் உண்டு. பிடிஎம்மில் விலங்குப் பொருள் இல்லை. சமயக் காரணத்தால் தயங்குவோர் எது பயன்படுத்தப்படுகிறது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

ரத்த ஓட்டம் மிகக் குறைந்த காலில் நுரை மட்டும் பயன் தராது. முதலில் அடைபட்ட நாளத்தைச் சரிசெய்து, அழுகிய திசுவையும் கிருமித்தொற்றையும் அகற்ற வேண்டும்.