அடுக்களையும் மதுவரியும்: வீட்டுப் பியரின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பியர் என்றதும் இன்று எவர்க்கும் நினைவில் எழுவன பெருந்தொழிற்சாலையும், போத்தலும், முத்திரை பொறித்த மூடியுமேயாகும். ஆயின் இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களிற் பதினெட்டாம் நூற்றாண்டிலும் பியர் காய்ச்சுதல், ரொட்டி சுடுதலையும் வெண்ணெய் கடைதலையும் போன்று, வீட்டு வேலைகளுள் ஒன்றாக விளங்கிற்று. அவ்வேலை அடுக்களையை விட்டு நீங்கியமைக்குக் கைத்தொழிற் புரட்சியையே காரணமாகக் காட்டுவது வழக்கம். நீராவி இயந்திரத்தோடு வீட்டுக் கொப்பரை போட்டியிட இயலவில்லை என்பர். இவ்விளக்கம் முழுவதும் பொருந்துமாறில்லை. யார் காய்ச்சலாம் என்பதைப் பலமுறை தீர்மானித்த வினா, வரி அறவிடும் அலுவலர் எந்த இடத்தில் நின்று அளக்கலாம் என்பதே.

கருவிகளை முதலில் நோக்குவோம். நீரைக் கொதிக்கவைக்க ஒரு செப்புக் கொப்பரை, ஊறவைக்க ஒரு மரத்தொட்டி, ஆறவிட அகன்ற தாழ்ந்த தொட்டிகள் சில, ஈற்றில் ஒரு பீப்பா, வேறொன்றும் வேண்டியதில்லை. பார்லியை நனைத்து முளைக்கவிட்டு உலர்த்தினால் மோல்ற் கிடைக்கும். அதனை நொறுக்கி வெந்நீரில் ஊறவிட, தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்கும். இனித்த சாற்றை வடித்து, ஹொப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் சேர்த்தால் நொதித்தல் தொடங்கும்.

இங்கு நுட்பமானது வெந்நீரின் சூடு. மிகுந்தாற் நொதியங்கள் அழியும். குறைந்தால் மாப்பொருள் மாப்பொருளாகவே எஞ்சும். வில்லியம் கொபெற் 1821, 1822ஆம் ஆண்டுகளிற் பகுதி பகுதியாக வெளியிட்ட 'கொட்டேஜ் இக்கொனமி' என்னும் நூல், முன்பின் காய்ச்சி அறியாத ஏழைத் தொழிலாளியை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது. நீர் 170 பாகை பரனைற்று அளவில் இருத்தல் வேண்டும் என்று கூறும் அவர், வெப்பமானி இல்லாதோருக்கு வேறொரு வழியும் காட்டுகிறார். தொட்டிக்குள் குனிந்து பார்க்கும்போது தன் முகம் நீரிலே தெளிவாகத் தெரியுமாயின் மோல்ற்றை இடலாம். ஆவி அடர்ந்திருக்கும்வரை முகம் தெரியாது. ஆவி மெலிந்து முகம் தெரியும் வேளையில் சூடும் ஏறத்தாழ அந்நிலைக்கு இறங்கியிருக்கும். குளிர்ந்த மோல்ற் சேர்ந்ததும் அது மேலும் தணிந்து, நொதியங்கள் நன்கு தொழிற்படும் 65 பாகை செல்சியசை அண்மிக்கும். காசு செலவில்லாத இத்தகைய அறிவே வீட்டுக் காய்ச்சலின் உண்மையான மூலதனமாயிருந்தது.

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் இடறுமிடம் மதுவமும் தூய்மையுமாகும். பாத்திரத்தின் வெடிப்பொன்றில் ஒளிந்திருக்கும் பற்றீரியா முழுத்தொட்டியையும் புளிக்கவைத்துவிடும். மதுவம் ஓர் உயிரி என்பதை அறியாத காலத்திலும் மக்கள் அதனைப் பேணத் தெரிந்திருந்தனர். முன்னைய காய்ச்சலின் நுரையை எடுத்து வைத்தனர். அயல்வீட்டாரிடம் இரந்தும் பெற்றனர். நோர்வேயின் மேற்குப் பள்ளத்தாக்குகளில் மரத்தாற் செய்த வளையங்களை நொதிக்கும் சாற்றில் தோய்த்து உலர்த்தி, அடுத்த காய்ச்சலுக்கென மாட்டி வைத்தனர். இவையெல்லாம் ஏன் பயன்தந்தன என்பதை லூயி பாஸ்ரர் 1876இல் வெளியிட்ட பியர் பற்றிய ஆய்வும், 1883இல் எமில் கிறிஸ்ரியன் ஹான்சன் தூய மதுவத்தைத் தனிப்படுத்தியமையும் பின்னரே விளக்கின.

இவ்வறிவு நெடுங்காலம் பெண்களிடம் இருந்தது. மத்தியகால இங்கிலாந்தில் ஹொப்ஸ் சேராத ஏல் சில நாட்களிற் புளித்துவிடும். ஆதலால் ஒரு வீட்டார் தமக்கெனக் காய்ச்சியதில் மிஞ்சியதை அயலாருக்கு விற்றனர். அடுத்த முறை வேறொரு வீட்டில் வாங்கினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ரொட்டிக்கும் ஏலுக்கும் விலை விதித்த சட்டம் இச்சிறு விற்பனையையும் கண்காணித்தது. பின்னர் தாழ்நாடுகளிலிருந்து ஹொப்ஸ் வந்தது. ஹொப்ஸ் சேர்ந்த பியர் பல மாதங்கள் கெடாது. எனவே அதனைப் பெருமளவிற் காய்ச்சிச் சேமிக்கவும் தூர இடங்களுக்கு அனுப்பவும் முடிந்தது. 1300 முதல் 1600 வரையான காலத்தை ஆராய்ந்து யூடித் பெனற் 1996இல் வெளியிட்ட நூல் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. சிறுவருவாய்த் தொழிலாயிருந்தவரை அது பெண்களிடம் இருந்தது; மூலதனமும் கடனும் தொழிற்சங்கச் செல்வாக்கும் தேவைப்பட்டபோது ஆண்களிடம் சென்றது. பூவொன்றின் வருகை தன்னளவிற் பெண்களை வெளியேற்றிவிடவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

உள்நாட்டுப் போரின் செலவுக்காகப் பாராளுமன்றம் 1643இல் பியர் மீது தீர்வை விதித்தது. ஆயின் வீடுதோறும் சென்று தொட்டிகளை அளக்க எந்த அரசாலும் இயலாது. நிலைபெற்ற தீர்வை விற்பனைக்குக் காய்ச்சப்பட்ட பியர் மீதே விழுந்தது. 1697இல் மோல்ற் மீதும், 1711இல் ஹொப்ஸ் மீதும் வரிகள் வந்தன. பார்லியை ஊறவைக்கும் தொட்டி பெரியது. ஓரிடத்தில் நிலையாக இருப்பது. அலுவலர் வந்து அளக்க ஏற்றது. விளைவு யாதெனில், சொந்தக் காய்ச்சற்சாலை வைத்திருந்த நிலப்பிரபு பியர்த் தீர்வையிலிருந்து தப்பினார். கடையில் வாங்கிக் குடித்த நகரத் தொழிலாளி மூன்று வரிகளையும் சுமந்தான். இவ்வநீதி பற்றிய முறைப்பாடும் 1830இல் பியர்த் தீர்வை நீக்கப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று.

நாட்டுப்புற ஏழையோ இரண்டுமற்ற நிலையில் இருந்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தம் ஊரில் வீட்டிற் காய்ச்சாத தொழிலாளி ஒருவனும் இருந்ததில்லை, இப்போதோ காய்ச்சுபவன் ஒருவனைக் காண்பதும் அரிது என்று ஸசெக்ஸ் பகுதி முதிய விவசாயி ஒருவர் பாராளுமன்றக் குழுமுன் அளித்த சாட்சியத்தைக் கொபெற் எடுத்துக்காட்டுகிறார். மோல்ற் வரியையும் தேநீரையும் அவர் சாடுவார். தேநீர் பற்றிய அவர் சினம் சற்று மிகையானது. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டபோது விறகு பொறுக்கும் இடமும் பறிபோயிற்று, கூலி தாழ்ந்தது. கொப்பரை நிறைய நீரைக் கொதிக்கவைக்க விறகில்லாதவன் ஒரு கேத்தல் நீரோடு அமைந்தான்.

1880இல் கிளாட்ஸ்ரன் மோல்ற் வரியை ஒழித்தமை விவசாயிகளுக்கு வெற்றி. ஆயின் வரி மோல்ற்றை விட்டு, நொதிக்குமுன் உள்ள சாற்றின் அளவின்மீதும் அடர்த்தியின்மீதும் ஏறியது. முன்னர் மோல்ற்றை வாங்கும்போதே வரி செலுத்தப்பட்டுவிட்டதால் அடுக்களையில் நடப்பது பற்றி அரசு கவலைகொள்ளத் தேவையிருக்கவில்லை. இப்போது அடுக்களையே அளவிடற்குரிய இடமாயிற்று. வீட்டிற் காய்ச்சுவோரும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியதாயிற்று. மதுவில் வருமானம் காண விழையும் அரசு உற்பத்தியிடத்தை நெருங்கிப் பிடிக்க முயல்வது, கள்ளும் சாராயமும் குத்தகைக்கு விடப்பட்டுப் பின் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்துள் அடங்கிய இலங்கை வரலாற்றைக் கற்றோர்க்குப் புதிதன்று. ஏற்கெனவே நலிந்திருந்த வீட்டுக் காய்ச்சல் இங்கிலாந்தில் ஏறத்தாழ மறைந்தது. 1963ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் றெஜினோல்ட் மோட்லிங் அனுமதிப்பத்திரத்தை நீக்கினார். அதனால் அரசு இழந்த வருமானம் பொருட்படுத்தத்தக்கதன்று. விரைவில் மருந்துக்கடைகளிலும் மோல்ற்றும் மதுவமும் அடங்கிய பொதிகள் விற்பனைக்கு வந்தன.

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு. 1920இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததும் பியர்த் தொழிற்சாலைகள் பல, ரொட்டி சுடுவதற்கென்று கூறி மோல்ற் பாகைத் தகரங்களில் அடைத்து விற்றன. எதற்கென வாங்கப்பட்டது என்பதை யாவரும் அறிவர். நிலவறையில் ஒரு மட்சாடி, ரொட்டி மதுவம், மூடி அழுத்தும் சிறு கைப்பொறி ஆகியவற்றோடு இலட்சக்கணக்கானோர் தொடக்கநிலைக் காய்ச்சுநராயினர். நொதித்தல் முடியுமுன் அடைத்த போத்தல்கள் இரவில் வெடித்துச் சிதறுவதும் உண்டு. 1933இல் மதுவிலக்கு நீங்கியது. குடும்பத் தலைவர் தம் பாவனைக்கென வைன் செய்ய வரிவிலக்கு இருந்தது. பியருக்கோ அத்தகைய இடமளிக்கப்படவில்லை. சட்டம் குடிப்பதை அனுமதித்தது. வீட்டிற் காய்ச்சுவதை மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் குற்றமாகவே கருதிற்று.

1960களில் அமெரிக்கக் கடற்படையினராக ஸ்கொட்லாந்தின் ஹோலி லொக் தளத்திற் பணியாற்றிய ஜாக் மக்கோலிஃப், கிளாஸ்கோ நகர மருந்துக்கடையொன்றில் அத்தகைய பொதியொன்றை வாங்கிக் காய்ச்சப் பழகினார். மோட்லிங் திறந்துவிட்ட சிறு வாயில் இவ்வாறு அத்திலாந்திக்கைக் கடந்தது. நாடு திரும்பிய அவர், பழைய பாற்பண்ணைக் கலங்களையும் உலோகப் பீப்பாக்களையும் தாமே வெட்டி ஒட்டவைத்து, 1976இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் 'நியூ அல்பியன்' என்னும் சிறு ஆலையை நிறுவினார். அது 1982இல் மூடப்பட்டது. அவ்வாலையைப் பார்த்து ஊக்கமுற்ற கென் குறொஸ்மன், தாமும் வீட்டிற் காய்ச்சிப் பழகியவர்; பாற்பண்ணைக் கலங்களைக் கொண்டே தொடங்கிய 'சியேரா நெவாடா' 1980 முதல் பியர் காய்ச்சி வருகின்றது.

1978 ஒக்ரோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், வயதுவந்தோர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலனும், இருவரோ மேற்பட்டோரோ வாழும் வீட்டுக்கு 200 கலனும் வரியின்றிக் காய்ச்ச இடமளித்தது, விற்றலைத் தடுத்தது. ஈற்று முடிவு மாநிலங்களின் கையில் விடப்பட்டது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013ஆம் ஆண்டிலேயே அதற்கு இசைந்தன.