சி.டி.4 சொல்வதும் அழற்சி சொல்வதும்

2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அது கிடைத்த இடம் தாம்பரம் சானடோரியம். அன்று பேச்செல்லாம் எதிர்ப்பாற்றல் அணுக்களின் எண்ணிக்கையான சி.டி.4 தான். நோய் முற்றாதவர்களுக்கு அது 200-க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. 2017-இலிருந்து அந்த வரம்பு கிடையாது; தொற்று உறுதியானாலே மாத்திரை.

தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கும் ஐம்பது வயது நெசவாளர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். மாத்திரையைத் தவறவிடாதவர். சீட்டில் சி.டி.4 650, வைரல் லோடு கண்டறியும் அளவுக்குக் கீழே. வீட்டில் நிம்மதி. நியாயமான நிம்மதிதான், உடம்பைக் காக்கும் படை பெருமளவு திரும்பிவிட்டது.

சீட்டில் இல்லாதது அழற்சி. தொற்றின் முதல் வாரங்களிலேயே எச்.ஐ.வி. குடல் சுவரிலுள்ள சி.டி.4 அணுக்களைப் பெருமளவு அழித்துவிடுகிறது. அந்தச் சுவர் பலருக்கு முழுதாக ஆறுவதில்லை. கிருமித் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. வைரஸ் அடங்கிய பிறகும் எதிர்ப்பாற்றல் கொதித்தபடியே இருக்கிறது. அடி வாங்குவது ரத்தக்குழாய். ஐ.எல்.-6, டி-டைமர், சி.ஆர்.பி. போன்ற ரத்தப் பரிசோதனை எண்கள் இந்த அழற்சியைக் காட்டுகின்றன. எச்.ஐ.வி. உள்ள 5,472 பேர் பங்கேற்ற ஸ்மார்ட் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சி.டி.4 நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவைத்தவர்களிடையே மரணம் கூடியது. இதய நோயும் கூடியது. ஐ.எல்.-6, டி-டைமர் தொடக்கத்திலேயே ஏறியிருந்தவர்களுக்கு இறக்கும் அபாயம் மிக அதிகம் என்பது பிறகு தெரிந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் சி.ஆர்.பி. எடுத்துவிடலாமே? எனக்கு உடன்பாடில்லை. ஈறு வீங்கினாலும் அது ஏறும், காய்ச்சல் வந்தாலும் ஏறும். சி.டி.4 200-க்குக் கீழே போனால் எந்த மாத்திரையைச் சேர்ப்பது என்று மருத்துவருக்குத் தெரியும். சி.ஆர்.பி. இவ்வளவு என்றால் எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தக்குழாயைக் காக்க இன்னது செய் என்று அப்படியொரு வரையறை இல்லை.

இந்தியாவும் சேர்ந்த ரிப்ரீவ் ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. எச்.ஐ.வி. உள்ள, 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேர். அழற்சி எண்ணைப் பார்த்து யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாடின் மாத்திரையைத் தினம் ஒன்று சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 35 சதவீதம் குறைந்தன. நம் நெசவாளர் மாத்திரை வாங்க வரும் நாளில் பீடி உண்டா, பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ஸ்டாடின் தேவையா என்று விசாரிக்க எந்த சி.ஆர்.பி. சீட்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.